அறுபத்தொரு கிலோ

நூற்றுத் தொண்ணூற்றாறு படிகள்.
எண்ணியவள் நான். நகராட்சிப் பலகையில்
இருநூறு என்று போட்டிருக்கிறது.
மூச்சு முட்டும்போது நான்கு படி
சின்ன விஷயமில்லை.

சிலியின் தென்கரையில், எங்கள் விரிகுடாவில்,
நிலம் உலுக்கிய பின்
கடல் வந்து சேரப் பதினெட்டு நிமிடம் என்கிறார்கள்.
எல்லா வீட்டிலும் கதவோரம் ஒரு பை:
டார்ச், தண்ணீர், பிஸ்கட்,
பிளாஸ்டிக்கில் சுற்றிய வீட்டுப் பத்திரம்.
பக்கத்து வீட்டில் அந்தப் பையோடு
ஃபெர்மினும் இருக்கிறான்.

சிப்பியெடுக்க மூழ்கியவன்
ஒருநாள் அவசரமாய் மேலே வந்துவிட்டான்.
ரத்தத்தில் குமிழி.
இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி.

உறவில்லை எங்களுக்குள்.
ஒரு சுவர் பொது, அவ்வளவுதான்.
அவன் இருமினால் என் அலமாரியில் தட்டுகள் அதிரும்.
ஆனாலும் ஒத்திகை நாளில் ஊரே படியேற,
சன்னலில் உட்கார்ந்து
கை காட்டி வழியனுப்பினான் பாருங்கள்,
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எத்தனை கிலோ இருப்பாய் என்று கேட்டேன்.
அறுபத்தொன்று என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

முதல் வாரம் பத்துக் கிலோ மாவு மூட்டை.
நாற்பத்திரண்டாம் படியில் வாந்தி.
ஆலையில் பத்து மணி நேரம்
நின்றபடி சிப்பி உடைக்கிறவள் நான்;
நிற்கிற உடம்பு வேறு, ஏறுகிற உடம்பு வேறு
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
"ஐம்பது வயதில் அழகிப் போட்டிக்கா?"
என்றாள் நோல்ஃபா.
தெருநாய்கள் கூட வந்தன,
மூன்றாம் நாள் அவையும் சலித்துப் படுத்துவிட்டன.

மாவு போய் மணல் வந்தது.
மழை வந்தது. முழங்காலில் தைலம் வந்தது.
இருபது, முப்பத்தைந்து, ஐம்பது...
பதினான்காம் மாதம் அறுபத்தொன்று.
பன்னிரண்டு நிமிடம்.

ஜூன் மாதத்து இரவு, இரண்டே முக்கால்.
தட்டுகள் அதிர்ந்தன. இருமல் இல்லை.

கதவைத் தள்ளினால்
வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறான்,
பை கழுத்தில், ஷூ காலில்.
நடக்காத காலுக்கு ஷூ எதற்கென்று
கேட்க நேரமில்லை.
முதுகைக் காட்டினேன். ஏறிக்கொண்டான்.

மணல் மூட்டை பிடரியில் மூச்சு விடாது.
மணல் மூட்டை
படிக்குப் படி மன்னிப்புக் கேட்காது.
"வாயை மூடு, எண்ணிக்கை தப்புகிறது" என்றேன்.
நூற்றுப்பத்தில் வலது முழங்கால்
வழக்கம்போல் சத்தம் போட்டது, ஆனால் மடங்கவில்லை.
அப்போதுதான் உறைத்தது:
மூட்டையைவிட இவன் லேசு.
தொங்கவும் இல்லை, என்னைப் பிடித்திருக்கிறான்,
கயிறு கட்டியது போல.

மேலே புல்லில் இறக்கிவிட்டு
மல்லாந்து கிடந்தேன்.
பேச்சு வர நேரமானது.
"மழையில் நீ மூட்டையோடு போனதைப் பார்த்தேன்.
அன்றிலிருந்து ராத்திரி ரொட்டி இல்லை.
உத்தரத்தில் கயிறு மாட்டித் தினமும் நூறு தடவை இழுப்பேன்.
இப்போது ஐம்பத்துநான்கு."
கடன் திருப்பித் தந்தவன் குரலில் சொன்னான்.

விடியும் நேரம் கடல் வந்தது.
மீன் சந்தையில் கணுக்காலளவு.
இரண்டு கூடைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
இதற்கா இத்தனை பாடு என்று
யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இறங்குவதற்கு நான் பழகவே இல்லை.
பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்து
ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவன் சமையலறையில் ரொட்டி வெட்டினேன்,
வெண்ணெய் தடித்துப் பூசி.
ஒரு துண்டு தின்றான். அடுத்ததைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.

மூட்டையிலிருந்து ஏழு கிலோ மணலைக்
கொட்டிவிடலாம் இனி.
கொட்டவில்லை.
குளிர்காலம் இன்னும் பாதி கிடக்கிறது,
மனிதன் ராத்திரியில் ரொட்டி தின்னட்டும்.